'சீனியர்' பட்டத்துக்கு முத்திரை வேண்டி

பெறுநர்:
கட்டுப்பாட்டாளர் அவர்கள்,
சட்டமுறை எடையளவுத் துறை,
கர்நாடக அரசு, பெங்களூரு.

ஐயா,

கே.ஆர். மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசில் உங்கள் முத்திரை இல்லையென்றால் வியாபாரிக்கு அபராதம். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அங்கிருந்து பஸ் பிடித்து வெளிவட்டச் சாலைக்கு வந்து பாருங்கள். ஐ.டி. கம்பெனிகளில் 'சீனியர்', 'லீட்', 'பிரின்சிபல்' என்று இஷ்டத்துக்குப் பட்டங்களை நிறுத்துக் கொடுக்கிறார்கள். ஒன்றிலும் முத்திரை கிடையாது.

கல்லூரி முடித்து வரும் பிள்ளையை கூகுள் 3ஆம் நிலையில் சேர்க்கிறது. அமேசான் 4இல். மைக்ரோசாஃப்ட்டோ 59இல்! ஊரிலிருக்கும் மாமா, "அடுத்த வருஷம் ரிட்டையர்மென்டா?" என்கிறார்.

நான் முப்பது பேர் கம்பெனி ஒன்றில் 'ஹெட் ஆஃப் இன்ஜினியரிங்'காக இருந்தவன். எனக்குக் கீழே ஒரே ஒரு இன்டர்ன். அவனும் வெள்ளிக்கிழமை வரமாட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுந்து ஓடுவதும் ஹெட்தான். போன வருஷம் பெரிய கம்பெனிக்கு மாறினேன். சம்பளம் ஒன்றரை மடங்கு. பதவி 'சாஃப்ட்வேர் இன்ஜினியர் 2'. தர்மபுரியில் அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. பெண் வீட்டாருக்கு எப்படியோ தெரிந்து, "ஹெட்டா இருந்த தம்பி ஏங்க இறங்கிட்டாரு?" என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வங்கி. நாட்டுக்கே துணை ஜனாதிபதி ஒருவர்தான். அந்த வங்கி கேன்டீனில் தோசைக்கு டோக்கனோடு அரை டஜன் வைஸ் பிரசிடென்ட்கள் நிற்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போகத் தேவையில்லை. என்ன பெயர் சூட்டியிருந்தாலும் முக்கியமாகப் பார்க்கும் வேலையை வைத்துத்தான் ஒருவர் தொழிலாளியா என்று தீர்மானிக்க வேண்டும் என 1985இலேயே சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதிகளுக்குப் புரிந்தது. எச்.ஆருக்கும் பெண் வீட்டாருக்கும்தான் இன்னும் புரியவில்லை.

ஊருக்கொரு படி, ஊருக்கொரு வீசை என்றிருந்த தேசத்தை 1956ஆம் ஆண்டுச் சட்டம் கிலோவுக்குக் கொண்டுவந்தது. பிஸ்கட் பொட்டலத்திலேயே நிகர எடை அச்சிடச் சொல்கிறீர்கள். நியமனக் கடிதத்திலும் அச்சிடச் சொல்லுங்கள்: கீழே எத்தனை பேர், மேலிடத்தைக் கேட்காமல் எவ்வளவு செலவழிக்கலாம், எந்த முடிவு இவருடையது, ராத்திரி போன் யாருக்கு வரும். இந்த நாலும் தெரிந்தால், மேலே எந்தப் பட்டத்தை ஒட்டினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

ஏப்ரல் அப்ரைசலுக்கு முன்பே ஆணை பிறப்பித்தால் புண்ணியமாகப் போகும். இந்த முறை சம்பள உயர்வுக்குப் பதில் 'சீனியர்' தரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

இப்படிக்கு,
சாஃப்ட்வேர் இன்ஜினியர் 2 (முன்னாள் ஹெட்),
பெல்லந்தூர்.