தொட்டிலும் தொட்டுக்கையும்: கைக்குழந்தை வீட்டுக் கைப் பற்றாக்குறை குறித்த ஓர் ஆய்வு

கைக்குழந்தை உள்ள வீட்டில் பெரியவர் ஒருவருக்கு எத்தனை கை? இவ்வினாவை உடற்கூற்றியலார் பொருட்படுத்துவதில்லை. இரண்டு என்று பாடநூலில் படம் போட்டுவிட்டு மண்ணீரலுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒன்று கூடுதல் என்பதைக் குழந்தை வீடு வந்து சேர்ந்த அன்றே எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு கை குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் குடியேறிவிடுகிறது. எஞ்சிய ஒன்றால் கதவைத் திறந்து, போனை எடுத்து, சோற்றைத் தின்று, சிலிண்டர் போட வந்தவருக்குச் சில்லறையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். சந்தையில் விற்கும் குழந்தைச் சாதனங்கள் யாவும் குடியேறிப்போன அந்தக் கையை மீட்டுத் தருவதாகச் சொல்லியே விற்கின்றன. அதே வீட்டில் விருந்து என்று வந்தால், மீளாத கையோடு செய்யவும் தின்னவும் ஏற்ற பதார்த்தம் தொட்டுக்கை ஒன்றே. ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்த இயலும் என்பதை உணர்த்துதல் இக்கட்டுரை நுதலிற்று.

அளவுகோலின் பெயர் நிகரக் கை. ஒரு சாதனம் விடுவிக்கும் கைகளிலிருந்து, அதை மடக்க, விரிக்க, கழுவ, சார்ஜ் போட, காணாமல் போன மூடியைத் தேட ஆகும் கைகளைக் கழித்தால் வருவது. விடை எதிர்மறையாக வந்தால் அது சாதனமன்று, இரண்டாவது குழந்தை.

அற்றேல், பாட்டி உள்ள வீட்டுக்கு இக்கணக்கெல்லாம் எதற்கு எனின், பாட்டி கடையில் கிடைப்பதில்லை என்க. கிடைத்தாலும் அவர் இரண்டு கையை விடுவித்துவிட்டு, குழந்தையை நீ பிடிக்கும் முறை சரியில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கழிவை அளக்கும் கருவி இன்னும் உருவாகவில்லை.

சாதனங்களுள் மூத்தது தூளி. பழைய பருத்திச் சேலை ஒன்று, உத்தரத்தில் ஒரு கொக்கி, துணி முகத்தின் மேல் கூடிவிடாமல் விரித்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை. மலேசியாவில் சரோங் துணியால் இதையே கட்டி, ஸ்பிரிங் மாட்டி, மேலும் கீழுமாக ஆட்டுகிறார்கள். ஆட்டம் எத்திசையில் என்பது இரண்டாம்பட்சம். தூளியின் மேதைமை கயிற்றில் இருக்கிறது. துணியின் ஓரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுநுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தால் இரண்டு கையும் கீரை ஆயக் கிடைக்கும். கையில் ஏற்பட்ட பஞ்சத்துக்குக் காலில் விடை கண்டுபிடித்த பெண்மணி யாரென்று தெரியவில்லை; காப்புரிமை வாங்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. நிகரக் கை: இரண்டு. இந்த ஆய்வில் வேறெந்தப் பொருளும் இந்த எண்ணைத் தொடவில்லை.

குறையும் உண்டு. புதிய அடுக்குமாடி வீடுகளில் உத்தரம் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி அடித்தால் கூரையும் குழந்தையோடு சேர்ந்து இறங்கிவரும். இரவுத் தூக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரி. தூளி பகலுக்குரியது, கண் எட்டும் தூரத்துக்குரியது.

தள்ளுவண்டியின் வரலாறு மேட்டிமை மிக்கது. 1733-இல் வில்லியம் கென்ட் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்குச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். இழுப்பதற்கு ஆடோ குட்டிக்குதிரையோ பூட்டுவார்கள். கோமகன் வீட்டில் கைக்குப் பஞ்சமில்லையாதலால் அத்தரவு நமக்குப் பயன்படாது. நமக்குரியவர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தொகுதியில் பணியாற்றிய பொறியாளர். மேலெழும்பியதும் சக்கரங்களை மடக்கி உள்ளே இழுக்கும் வித்தையில் ஊறிய அந்த மனிதர், 1965-இல் குடையைப் போல் மடங்கும் குழந்தை வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு தோளில் வண்டி, மறு தோளில் குழந்தை என்று பேருந்தில் ஏறலாம். லண்டன் நடைபாதையில் நிகரக் கை ஒன்று என்று தாராளமாகக் கொடுக்கலாம். தாம்பரத்திலோ மதுரையிலோ நிலைமை வேறு. ஏறி இறங்கும் கல் பலகை, பலகை மேல் நிறுத்திய டூவீலர், டூவீலரின் நிழலில் படுத்த மாடு. ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் வண்டியையும் தூக்கிக்கொண்டு தந்தை சாலையில் இறங்கி நடக்கிறார். கழித்தல் ஒன்று. விமானம் இறங்க ஓடுபாதை வேண்டும் என்பது மக்லாரனுக்குத் தெரியாத சங்கதியன்று.

டயபரை விரைவாகக் கடக்கலாம். மேரியன் டானவன் என்னும் அமெரிக்கத் தாய் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, நனைவு வெளியே கசியாத உறை ஒன்று செய்து 1951-இல் காப்புரிமை பெற்றார். அவர் செய்த பெரும்பணி திரையை வெட்டியதன்று; ஊக்குக்குப் பதிலாக அமுக்குப் பட்டன் வைத்ததே. ஊக்குக்கு இரண்டு கையும் பல்லும் வேண்டும். பட்டனுக்கு ஒரு கை போதும்.

சக்கரம் வைத்த வாக்கர் இரண்டு கையையும் விடுவிக்கும், குழந்தை மாடிப்படியைச் சென்றடையும் வரை. 2004-இல் கனடா அதன் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் தடை செய்தது. பழையதை விற்பதற்கும் அங்கே அனுமதியில்லை. நம் மூன்று சக்கர மர நடைவண்டியோ குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடுவதில்லை. நிற்கத் தெரிந்த பிள்ளை பின்னால் நின்று தள்ள வேண்டும். விழுந்தால் தன் உயரத்திலிருந்தே விழும், தொப்பென்று. பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருப்பதால் நிகரக் கை சுழியம். ஆனால் நேர்மையான சுழியம்.

குடை வடிவக் கொசுவலை, கட்டிலில் போடும் ரப்பர் ஷீட், பாலாடை ஆகிய மூன்றையும் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, இலாபம் குறைவு. முதலாவது விசிறும் கையை மீட்கிறது. இரண்டாவது மெத்தையைத் தூக்கி மாடியில் காயப்போடும் இரண்டு கையையும் மீட்கிறது. மூன்றாவது, ஃபீடிங் பாட்டிலின் நிப்பிள், வளையம், மூடி, உள்ளே நுழையும் பிரஷ், அத்தனையையும் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் என்ற பரிவாரத்தையே தேவையற்றதாக்குகிறது. மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கும் பாலாடையால் பால் புகட்டுகிறார்கள். மூக்கு வைத்த ஒரு கிண்ணம், மடிப்பு இல்லை, இடுக்கு இல்லை, வெந்நீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது.

இனி விருந்து. பெயர் சூட்டு, காதுகுத்து, முதல் பிறந்தநாள் ஆகிய மூன்றும் குழந்தையை முன்னிட்டு நடப்பவை. ஆகவே கை மிகவும் குறைந்த காலத்திலேயே நிகழ்பவை. பஜ்ஜியும் கட்லெட்டும் கடையில் சொல்லி வாங்கிவிடலாம். சட்னி என்று அவர்கள் கட்டிக் கொடுக்கும் பச்சைத் தண்ணீரை விருந்தாளி முன் வைக்கக் கூசும் குடும்பங்களே இவ்வாய்வின் களம்.

இக்களத்தில் முதலில் எதிர்ப்படுவது, இதுவரை யாரும் பெயரிடாத ஒரு சிக்கல். இதனை மிக்ஸி முரண் எனலாம். குழந்தை விழித்திருக்கும்போது கை இல்லை. குழந்தை தூங்கும்போது மிக்ஸி இல்லை. தேங்காய்ச் சட்னி, புதினாத் துவையல், கடலைச் சட்னி என நம் தொட்டுக்கை மரபின் பெரும்பகுதி இந்த முரணில் சிக்கி நசுங்குகிறது. முதல் நாளே அரைத்து வைக்கலாமே எனின், தேங்காய்ச் சட்னி சித்திரை வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலோ எண்ணெய் உறைந்து, மணல்போல் நாக்கில் நெருடும். மிக்ஸி சத்தத்தில்தான் உறங்குவேன் என்னும் குழந்தைகளும் உள. அவை விதிவிலக்கு, அவற்றின் பெற்றோர் கொடுத்து வைத்தவர்கள்.

மிக்ஸியற்ற தொட்டுக்கையின் தொட்டில் லாஸ் ஏஞ்சலஸ். 1952-இல் லிப்டன் நிறுவனம் வெங்காய சூப் பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1954-இல் அவ்வூரில் யாரோ ஒருவர் அந்தப் பொடியை வெந்நீரில் கலக்காமல் புளிப்புக் கிரீமில் கொட்டிக் கலக்கினார். கலிஃபோர்னியா டிப் பிறந்தது. அமெரிக்கா முழுவதும் அதைத் தின்று தீர்த்தது. கண்டுபிடித்தவர் பெயர் மட்டும் தங்கவில்லை. மறு கையில் குழந்தை இருந்ததால் அவரால் எழுதி வைக்க முடியவில்லை என்பது இவ்வாய்வாளரின் ஊகம். சான்று இல்லை. ஆயினும் இத்தனை சோம்பலான, இத்தனை சரியான பதார்த்தம் இரண்டு கையும் காலியாக இருப்பவருக்குத் தோன்றியிருக்காது. எதிர்முனையில் ஹம்மஸ் நிற்கிறது. 2010-இல் லெபனான் நாட்டார் தம் நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் 10,452 கிலோ ஹம்மஸ் கிண்டி உலகச் சாதனை படைத்தார்கள். சுமார் 300 சமையற்காரர்கள் தேவைப்பட்டார்கள். அறுநூறு கை! நம் களத்துக்கு ஆகாது.

புளிப்புக் கிரீமுக்கு நம்மிடம் உள்ள நிகர் கட்டித் தயிர். அரை லிட்டர் தயிரைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, மூட்டை கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீர் இறங்கி ஏறக்குறையப் பாதியாகும். வெளியில் தொங்கினால் புளிக்கும் என்பதால், கோடையில் வடிகட்டியின் மேல் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். தயிரும் குழந்தையும் ஒரே தொழில்நுட்பத்துக்கு உட்பட்டவை என்பது இங்கே வெளிப்படுகிறது. இரண்டுக்கும் பழைய பருத்தித் துணி. இரண்டுக்கும் மேலே ஒரு கொக்கி. நடுவில் திறந்து பார்த்தால் இரண்டும் கெடும். இரண்டுக்கும் அடியில் ஒரு பாத்திரம் வைத்தல் விவேகம். தயிரிலிருந்து இறங்கிய நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். அவ்வளவில் ஒப்புமை முடிகிறது.

வடிந்த தயிரில் உப்பும் ஒரு கரண்டித் தக்காளித் தொக்கும் போட்டுக் கலக்கினால் ஒரு தொட்டுக்கை. பூண்டு ஊறுகாயின் எண்ணெயும் மசாலாவும் போட்டால் இன்னொன்று. வறுத்த சீரகப் பொடியும் மல்லித்தழையும் போட்டால் மூன்றாவது. தழையை அரிவாள்மணையில் அரியாமல் கிண்ணத்துக்கு நேரே கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும், ஒரு கை வேலை. இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது இட்லிப் பொடி. அது போன மாதமே அரைபட்டுவிட்டது. தட்டில் கொட்டு, நடுவில் குழி பறி, நல்லெண்ணெய் ஊற்று. ஊசாது, உறையாது, மிக்ஸி கேட்காது. விருந்தாளிக்கு முன் பொடியா என்று தயங்குவோர், அதில் புரட்டிய மினி இட்லி முதலில் காலியாவதைக் கவனித்துப் பார்க்கட்டும்.

தொட்டுக்கை எதுவாயினும் சொட்டக் கூடாது. விருந்தாளி தோளிலும் ஒரு குழந்தை இருக்கும். அதன் உச்சந்தலை சரியாகக் கைக்கும் வாய்க்கும் இடையில் வரும். இந்தக் கெட்டித்தன்மைக்கு அறிவியலின் ஆதரவும் இருக்கிறது. சைன்ஃபெல்ட் என்னும் அமெரிக்கத் தொடரில் 1993-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கடித்த சிப்ஸை மறுபடி கிண்ணத்தில் தோய்த்ததற்காகத் துக்க வீட்டில் கைகலப்பு மூள்கிறது. இதைப் பார்த்துவிட்டு வாளாவிராத கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் டாசன், மாணவர்களைக் கொண்டு சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார். கடித்ததை மூன்று முதல் ஆறு முறை தோய்த்தால் சுமார் 10,000 பாக்டீரியா கிண்ணத்துக்குக் குடிபெயர்கிறதாம். சீஸ், சாக்லேட் முதலிய கெட்டியானவற்றைவிட நீர்த்த சல்சாவில் அதிகம், கடித்த சிப்ஸிலிருந்து வழிந்து திரும்பக் கிண்ணத்திலேயே விழுவதால். எச்சில் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஆய்வகம் இல்லாமலே அதட்டி முடித்த விஷயத்துக்கு இப்படி எண் கிடைத்தது நல்லதே.

டாசனின் சோதனையில் பல்லே முளைக்காத விருந்தினர் இடம்பெறவில்லை. ஒன்பது மாதக் குழந்தை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொருளை எடுக்கத் தெரிந்தது. ரஸ்கைத் தோய்க்கும், சப்பும், தோய்க்கும், பக்கத்தில் நிற்பவர் கிண்ணத்திலும் தோய்க்கும். தடுக்க இயலாது. உப்பும் காரமும் தேனும் இல்லாத மசித்த பருப்பைத் தனிக் கிண்ணத்தில் முன்பே கொடுத்துவிடுவது ஒன்றே வழி. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

எஞ்சியது ஒன்று, இவ்வாய்வின் இரண்டு பொருள்களும் நேருக்கு நேர் மோதும் இடம். தவழும் குழந்தை எழுந்து நிற்க எதையாவது பற்றும். விருந்தன்று வீட்டில் புதிதாகத் தொங்கும் பொருள் மேசை விரிப்பின் நுனி. விரிப்பின் மேல் தயிர், தொக்கு, நல்லெண்ணெய் குளம் கட்டிய பொடி. ஆகவே விருந்து தொடங்குமுன் விரிப்பை உருவிவிட வேண்டும். பருத்தி விரிப்பாக இருந்தால் அடுத்த முறை தயிர் கட்ட ஆகும். பாலியெஸ்டர் என்றால் அதற்கும் ஆகாது.