கட்டில் கம்பியில் குடியிருப்போர் தொடர்பாக சுகாதார அமைச்சுக்கு

கொழும்பு சுகாதார அமைச்சுக்கு, ஊவா மாகாணத் தோட்டத்து நோயாளிகள் சார்பில் முதலில் ஒரு பாராட்டு.

மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்து முடித்தாயிற்று. 1948இல் பறித்த பிரசாவுரிமை விவகாரத்தைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் இன்னும் பலர் கைக்கு வரவில்லை. அசினெட்டோபாக்டர் என்ற கிருமிக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அடையாள அட்டை வேண்டாம், கிராம சேவகரின் கையொப்பம் வேண்டாம். வார்டுக் கட்டில் கம்பியில் ஏறினால் குடியிருப்பு உறுதி. காய்ந்த பரப்பில் அது மூன்று நாள் முதல் ஐந்து மாதம் வரை தாக்குப்பிடிக்கும் என்று 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். எம்ஆர்எஸ்ஏ என்ற இன்னொரு கிருமி என்றால் ஏழு மாதம்கூடக் கிடக்கும்.

கார்பபெனெம் என்பது ஐசியூவில் கடைசி நேரத்துக்கென்று எடுத்து வைக்கும் ஊசி. அதற்கும் அடங்காத அசினெட்டோபாக்டரை உலக சுகாதார நிறுவனம் 2017இல் மிக அவசரமான கிருமிகளின் வரிசையில் வைத்தது. பழைய நோயாளி துண்டு வெட்டி வீட்டுக்குப் போய்விடுவார்; அவர் விட்டுப்போனது கம்பியிலும் தள்ளுவண்டியிலும் பிரஷர் பார்க்கும் பட்டியிலும் இருக்கும். அங்கிருந்து ஒரு கை, அந்தக் கையிலிருந்து சேலைன் ஊசி ஏற்றிய இடம். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ மலைப்பாதையில் குலுங்கி வந்து படுக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டிலில் தனக்கு முன்னால் யார் படுத்தார் என்று தெரிய வழியே இல்லை.

அமைச்சு சும்மா இருந்தது என்று யாரும் பழி சொல்ல முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்க 2017 முதல் 2022 வரைக்குமான தேசியத் திட்டம் முறையாக வெளிவந்தது. கிருமிக்கு வாசிக்கத் தெரியாதது அமைச்சின் குற்றமா?

திட்டம் முடிந்த அதே 2022இல் டொலர் தீர்ந்து மருந்து தட்டுப்பட்டது. பேராதனை வைத்தியசாலை முன்பே நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. மருந்து வாங்கக் காசில்லாத நாட்டில் மருந்துக்கு அடங்காத கிருமியைப் பேணுவது ஒருவகையில் சிக்கனம்தான். கேட்காத மருந்தை யாரும் இறக்குமதி செய்யப் போவதில்லை.

இன்னொரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் கதவுக் குமிழ்களைச் சோதித்து 1983இல் எழுதினார்கள்: பளபளக்கும் எவர்சில்வரில் கிருமி மொய்த்தது, பித்தளையில் அரிதாகவே இருந்தது. செம்புக் கலவைகள் கிருமியைக் கொல்லும் என்பதை 2008இல் அந்நாட்டு அரசே பதிவு செய்து ஏற்றது. பழைய துரை பங்களாக்களில் பித்தளைக் கைப்பிடிகளை இன்னும் காணலாம். துரைமார் தெரிந்தா மாட்டினார்கள்? இல்லை. ஆனாலும் நல்லது எதுவோ அது பங்களாவுக்கே போய்ச் சேருவது தோட்டத்து வழக்கம்.

பித்தளை கிடைக்காவிட்டாலும் எண்ணவாவது செய்யலாம். இங்கிலாந்தில் எம்ஆர்எஸ்ஏ இரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனையும் எண்ணிச் சொல்லியாக வேண்டும் என்று 2001இல் கட்டாயமாக்கினார்கள். 2004இல் பாதியாக்க இலக்கு வைத்து, 2008இல் அதை எட்டியும் காட்டினார்கள்.

ஆகவே விண்ணப்பம் இதுதான்: ஆஸ்பத்திரி வாரியாக இத்தகைய தொற்றுகளின் எண்ணிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் படுக்கும் முன் கட்டிலைத் துடைக்க, சிற்றூழியருக்குக் கையுறையும் குளோரினும் போதிய நேரமும் கொடுங்கள்.