பத்து விரல் பந்தோபஸ்து

பத்து விரல்களோடுதான் இதை எழுதுகிறேன். கணினியில் தட்டுவது என்னவோ இரண்டு விரலால்தான். மீதி எட்டும் உபரி என்று என் மனைவி சொல்வதுண்டு. உபரி என்றாலும் கூடவே பிறந்தவை. மின்சார ரம்பம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்த பிறகுதான் அவற்றின் மேல் எனக்கு இத்தனை பாசம் பொங்கியது.

கோலாலம்பூரின் பங்சாரில் ஒருவன் தன் கையால் மரவேலை செய்கிறான் என்றால் அக்கம்பக்கத்தில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் கித்தாத் தோட்டமாக இருந்த இடம். இன்று தெலாவி சாலையில் கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு ராசிபலன் பார்க்கத் தேவையில்லை. குழாய் ஒழுகினால் ஒரு போன், கதவு இறுகினால் ஒரு போன் என்று வாழ்கிற ஊர். அங்கே, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்கு நானே ஒரு ரேக் செய்கிறேன் என்று கிளம்பினேன். சிக்கனம் காரணமல்ல. ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு வீட்டில் அவ்வப்போது கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருக்கிறது. வாயால் போட முடியாதவன் மிஷினால் போடுகிறான்.

பலகை கித்தா மரம். பால் வற்றிய மரத்தை அந்தக் காலத்தில் அடுப்புக்குத்தான் வெட்டுவார்கள். இப்போது அதுவே மூவார் தொழிற்சாலைகளில் மேசை நாற்காலியாகி, மினுக்கிக்கொண்டு கப்பல் ஏறுகிறது. என் முப்பாட்டன் சீவிய மரத்தின் வம்சத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்து பங்சாரில் அறுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அதே நிமிர்வில் பாதுகாப்புச் சாமான்களையும் வாங்கினேன்: கண்ணாடி, காதடைப்பு, தூசி முகமூடி, தோல் கையுறை, முழங்கால் மெத்தை. முழங்கால் மெத்தை எதற்கு என்று அப்போது தெரியவில்லை. கடையில் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். மொத்தச் செலவில் ஒரு ரேக்கும் அதில் வைக்க நல்ல செருப்புகளும் வாங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் என் மாமனார் வருகிறார். செந்தூல் ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பிரிக்பீல்ட்ஸில். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் அடுத்த நிறுத்தமே பங்சார் என்பதால், மாப்பிள்ளை ரம்பம் வாங்கிய செய்தி போய்ச் சேர்ந்த வேகத்திலேயே அவரும் வந்து சேர்ந்தார். ஆயுள் முழுக்க மரம் அறுத்தவர். பத்து விரலும் முழுசாக இருக்கிறது. பட்டறைக்காரர்கள் மத்தியில் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

கார் போர்ச்சில் நான் தயாராக நின்றேன். தலையில் காதடைப்பு, கண்ணில் கண்ணாடி, முகத்தில் முகமூடி, கையில் கையுறை. அதற்குக் கீழே பனியன், கைலி, ஜப்பான் சிலிப்பர். இடுப்புக்கு மேல் விண்வெளி வீரன். இடுப்புக்குக் கீழ் ஞாயிற்றுக்கிழமை பசியாறக் கிளம்பியவன். மாமனார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்ள, மொதல்ல அந்த கிளவுச கழட்டுங்க" என்றார்.

இருந்ததிலேயே விலை உயர்ந்தது அதுதான். எனக்கு மனசு வரவில்லை. அவர் விளக்கினார். பலகை தூக்கும்போது கையுறை போடலாம், சிராய் ஏறாது. சுழலுகிற எதன் பக்கத்திலும் போடக்கூடாது. வெறும் விரல் பட்டால் பட்ட இடத்தில் வெட்டு. கையுறையின் ஒரு நூல் டிரில் முனையில் மாட்டினால், அது சுற்றிக்கொண்டே கையை முழுசாக உள்ளே இழுக்கும். பாதுகாப்புக்கென்று நான் போட்டது, மிஷினுக்குக் கையைப் பிடித்துக் கொடுக்கிற வேலையைச் செய்யும்.

பிறகு மணிக்கட்டில் இருந்த பத்துமலைக் கயிறு. அதையும் கழற்றச் சொன்னார். பிறகு மோதிரம். ஏழரைச் சனிக்காக ஜோசியர் சொல்லிப் போட்ட நீலக்கல். "மாமா, இது சனி பகவானுக்கு..." என்று இழுத்தேன்.

"அவரு எங்கயும் போயிட மாட்டாரு. அரை மணி நேரம் ஓரமா ஒக்காரச் சொல்லுங்க."

கைலிக்குப் பதில் கால்சட்டை, சிலிப்பருக்குப் பதில் மூடிய சப்பாத்து. நான் ஆசையாகப் போட்டதில் பாதி போய், அலட்சியமாக விட்டதெல்லாம் வந்து சேர்ந்தது. முழங்கால் மெத்தையைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார்.

அடுத்த சோதனை மிஷின்களுக்கு. என்னிடம் நாலு அங்குல கிரைண்டர் ஒன்று இருந்தது. அதற்கு மரம் அறுக்கவென்று பல் வைத்த தட்டு ஒன்றையும் வாங்கி மாட்டியிருந்தேன். தட்டு சரியாக உட்காரவில்லை என்பதால் மேல் மூடியைக் கழற்றியிருந்தேன். மாமனார் அதைப் பார்த்ததும், ரயில் வரும்போது தண்டவாளத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் போல ஆனார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பின்னால். அந்தத் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. நூறு மில்லிமீட்டர் விட்டம். விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டினால் வீட்டுக்குச் சம்மன் வருகிறது. இங்கே கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தை மூடி இல்லாமல் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கிரைண்டர் இரும்பைத் தேய்க்கவும் ஓடு வெட்டவும் பிறந்தது. அதன் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். பல் வைத்த தட்டோ மரத்தைக் கவ்வும். கவ்வியது விடவில்லை என்றால் மிஷின் கையை விட்டுத் துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. மாமனார் தட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். இப்போது அது பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் பால்கனியில், புறா விரட்டுவதற்காகக் கயிற்றில் தொங்கி மின்னிக்கொண்டிருக்கிறது.

தட்டைக் கழற்றும்போதும் ஒரு பாடம். நான் சுவிட்சை அணைத்துவிட்டு நீட்டினேன். அவர் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட்டார். அந்தப் பிளக் வேறு இரண்டு கால் பிளக். மலேசியாவில் இதற்கு ஒரு தேசிய வைத்தியம் உண்டு: மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, உள்ளே இருக்கும் மூடி திறந்ததும் இரண்டு காலையும் நுழைப்பது. என் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதே இதற்காகத்தான். கவிதை எழுத அல்ல. அதற்கும் தடை வந்தது. தளர்வாக உட்கார்ந்த பிளக் சூடேறிக் கருகும் என்றார். சுருட்டியே வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க அவிழ்க்கச் சொன்னார். சுருளாக இருந்தால் அதுவும் உள்ளுக்குள் வேகுமாம்.

காதடைப்பைப் பற்றி மட்டும் எனக்குப் பாராட்டு கிடைத்தது. நம் நாட்டில் 2019-ல் வந்த ஒலி விதிமுறைகளின்படி வேலை இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். மர ரம்பம் சுமார் நூறு டெசிபெல் போடும். அந்தக் கணக்கில் வெறும் காதோடு அதன் பக்கத்தில் நிற்க நாளுக்குக் கால் மணி நேரம்தான். ஆனால் காதடைப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. போட்டுக்கொண்டால் மனைவி கூப்பிடுவது கேட்காது. பல கணவர்கள் இதை ஆபத்தென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? நேரே வந்து பின்னாலிருந்து தோளில் தட்டுவார். ரம்பம் ஓடும்போது தோளில் ஒரு தட்டு விழுந்தால் கை போகிற இடம் பலகையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாமனார் மகளைக் கூப்பிட்டு, "என்ன அவசரம்னாலும் பின்னால வராதம்மா. போர்ச்சு லைட்ட அணைச்சி அணைச்சிப் போடு, அவரே நிறுத்துவாரு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விளக்கு மினுக்கினால் சாப்பாடு ரெடி என்று பொருள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, வயரிங் கோளாறு என்று நினைத்து ஆள் அனுப்புகிறேன் என்றார்.

இவ்வளவு ஆன பிறகும் ஒரு பலகைகூட அறுபடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை எட்ட வைத்து, பலகையைப் பாலமாகப் போட்டு, நடுவில் அறுக்கப் போனேன். உலகத்தில் எல்லாக் கத்துக்குட்டிகளும் இப்படித்தான் போடுவார்களாம். மாமனார் பலகையின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். அறுக்க அறுக்க நடு தொய்யும். தொய்ந்தால் வெட்டின இரு ஓரமும் மேலே சேர்ந்து ரம்பத்தட்டை நெருக்கும். நெருக்கினால் தட்டு நிற்காது; மிஷினே பின்னால் எகிறி அறுக்கிறவன் மேல் வரும். மேசை ரம்பமாக இருந்தால் மிஷின் அசையாது, பலகை உதைத்துக்கொண்டு வரும். அதனால்தான் பட்டறையில் யாரும் ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள். வெட்டி விழ வேண்டிய துண்டு தன் பாட்டில் விழட்டும், அதைப் பிடிக்கப் போகாதே. மீதிப் பலகை முழுசாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கவ்வி போட்டு இறுக்கு. இத்தனைக்கும் பிறகு அவர் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"வழுக்குனா கை எங்க போகும், மாப்ள?"

முதல் தடவை "பெரியாஸ்பத்திரிக்கு, மாமா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது சரியான பதில் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் படித்தவன் இல்லையா, விடவில்லை. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்று ஒருவர், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய காப்புரிமை வக்கீல். 1999-ல் ஒரு மேசை ரம்பம் உண்டாக்கினார். தோல் பட்டதும் மின்சார மாறுதலை வைத்துக் கண்டுபிடித்து, ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களில் அறைந்து, ஐந்து மில்லி செகண்டுக்குள் தட்டை நிறுத்திவிடும். கண்காட்சிகளில் சாசேஜை வைத்துக் காட்டுவார். கடைசியில் தன் விரலையே வைத்துக் காட்டினார். அந்த நாட்டில் மேசை ரம்பத்தில் கை வைத்துக் காயப்படுகிறவர்கள் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல். இதையெல்லாம் மாமனாரிடம் சொல்லி, நமக்கும் அப்படி ஒன்று வாங்கலாமே என்றேன். செவ்வாய் வெள்ளி சைவம் என்பதால் எங்கள் வீட்டில் சாசேஜ் சோதனைக்கு மற்ற நாட்களில்தான் வசதிப்படும் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டு, "வெரல் பட்டா நிக்கும், சரி. பலகை ஒதைச்சா?" என்றார். அதற்கு அந்த அலுமினியக் கட்டையிடம் பதில் இல்லை.

எனக்கு வேறு யாராவது பொறுப்பேற்க மாட்டார்களா என்று சட்டத்தைப் புரட்டினேன். 1991 மே 7-ல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பின், 1994-ல் வேலையிட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு, வழுக்கினால் கை எங்கே போகும் என்று கேட்க ஒரு மாமனார் இருந்திருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் திருத்தங்களோடு அந்தச் சட்டம் கிட்டத்தட்ட எல்லா வேலை இடங்களையும் தொடுகிறது. என் கார் போர்ச்சை மட்டும் தொடவில்லை. நான் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை; சும்மா இருக்க முடியாதவன். அந்தப் பிரிவுக்குச் சட்டத்தில் ஷரத்து இல்லை.

அடுத்து, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பார்த்தேன். 2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டால் உதவி கிடைக்கும். என் மனைவி அதில் சேர்ந்திருக்கிறார். கணவர்களுக்கு அதில் இடமில்லை. ஆக, ஒரே கூரையின் கீழ் காப்புறுதி உள்ளவர் அவர். ரம்பம் பிடிக்கிறவன் நான். இந்த அநீதியைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தேன். ஆறுதல் எதிர்பார்த்தேன் என்பது உண்மை.

"அப்ப நான் அறுக்கிறேன், நகருங்க" என்றார் மனைவி.

விளையாட்டுக்கு என்று நினைத்தேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் போய், கூந்தலை இறுக்கிக் கட்டினார், வளையலைக் கழற்றினார், துப்பட்டாவை நாற்காலியில் போட்டார். யாரும் சொல்லவில்லை. பட்டறைத் தச்சர் வீட்டில் வளர்ந்த பெண். மாமனார் கேள்வியைத் தொடங்குமுன் "இந்தப் பக்கம்பா, காத்துல" என்று கையைக் காட்டினார். ரம்பம் கோட்டின் மேலேயே போனது. துண்டு தானாக விழுந்தது. தட்டு முழுதாக நிற்கும் வரை மிஷினைக் கீழே வைக்கவில்லை. மாமனார் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். நாலு மணி மழைக்கு மேகம் கட்டியிருந்தது, மழை வருமுன் முடிக்க வேண்டும் என்ற கவலையாக இருக்கலாம்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெட்டும் இடத்தில் வாக்குவம் குழாயைப் பிடிப்பது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே இது சாதாரண வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குந்தி உட்கார்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. முழங்கால் மெத்தை எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

ரேக் வாசலில் நிற்கிறது. ஆட்டமில்லை. ஆயுத பூஜைக்கு ரம்பத்துக்குக் குங்குமம் வைத்தபோது, "வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் நீங்க இத பயமில்லாமத் தொடுறீங்க" என்றார் மாமனார். மனைவி இப்போது சமையலறை அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வேலையிட பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தத்தின்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லையென்றால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். மாமனாரையும் சேர்த்தால் எங்கள் வீட்டில் ஐந்து பேர். எதிர்வீட்டுப் பாட்டி ரேக்கைத் தட்டிப் பார்த்து, நீ செய்ததா என்று கேட்டபோது, அந்தப் பதவியின் பெயரை மலாயில் முழுசாகச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அதற்குள் போர்ச்சு லைட் மினுக்கியது, உள்ளே போய்விட்டேன்.