இதர செலவு

போன வாரம் ஒரு டைல்ஸ் கடையில் மொசைக் தரையைப் பார்த்தேன். தரையை என்றா சொன்னேன்? தரையின் போட்டோவை. கல் கிடையாது, சிப்ஸ் கிடையாது. பளபளவென்ற டைல்ஸ் மேல் மார்பிள் துண்டுகளை அச்சடித்து வைத்திருந்தார்கள். "இப்ப இதுதான் சார் மூவிங்" என்றார் கடைக்காரர். எங்கள் சத்தியவேட்டில் வீடு வீடாகக் கடப்பாரை போட்டு, ஒரிஜினல் மொசைக்கைப் பெயர்த்து, ட்ராக்டரில் ஏற்றிக் கொட்டிவிட்டு வந்து இருபது வருஷம்கூட ஆகியிருக்காது. கொட்டியவர்களின் பிள்ளைகள் இப்போது அதன் படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உண்மையான சிப்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். எந்தக் காலத்து ஆள் என்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

சிப்ஸ் கேட்கப் போனதற்குக் காரணம் தங்கை பையன். சென்னையில் இருக்கிறான். வீட்டிலேயே மொசைக் டேபிள் செய்வதாக ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். "உடைஞ்ச கல்லும் சிமெண்டும்தானே மாமா, என்ன பெருசா ஆயிடும்? நீங்க ஒரு பட்ஜெட் மட்டும் போட்டுக் குடுங்க." பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுத்தேன். பட்ஜெட்டை வேறு எதில் போடுவோம்? மொத்தம் எவ்வளவு என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பையன் சொன்னதில் பாதி சரிதான். இத்தாலியில் வெனிஸ் பக்கம் மார்பிள் வேலையில் மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் தரையில் பதித்த கலை இது. ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரங்களின் பெயரைப் பதித்திருக்கிறார்களே, அதுவும் இதே சரக்குதான். ஆக, மூலப்பொருள் என்னவோ குப்பை. விலை தெரிவது அதைத் தேய்க்கும்போது.

கணக்குக்கு வருவோம். டேபிள் நாலடிக்கு ரெண்டடி. எட்டு சதுர அடி. ஒரு அங்குலக் கனம் என்றால் முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு, 19 லிட்டர். ஒரு பங்கு ஒயிட் சிமெண்டுக்கு எடையில் ரெண்டு பங்கு சிப்ஸ் என்று வைத்தால் சிமெண்ட் 14 கிலோ, சிப்ஸ் 27, 28 கிலோ. காய்ந்தபின் பலகை 45 கிலோ வரும். கடைசிப் பாலிஷுக்கு ஆக்சாலிக் ஆசிட், சதுர மீட்டருக்கு 33 கிராம் என்று பொதுப்பணித்துறை வழக்கம். நம் டேபிளுக்கு 25 கிராம் போதும். மூன்றே வரி. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னாலேயே அடங்கிவிட்டது. நாலாவது வரியாக 'இதர செலவு' என்று எழுதி, எதிரே ஐந்நூறு போட்டேன். நீங்களும் அதைத்தான் போட்டிருப்பீர்கள்.

இந்த இதரவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 25 கிராம் ஆசிடை எந்தக் கடையிலும் நிறுத்துத் தர மாட்டார்கள். பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். மீதி? இதர. 28 கிலோ சிப்ஸ் கேட்டால், "மூட்டையா எடுத்துக்கோங்க சார்" என்பார்கள். மீதி மூட்டை? இதர. கலவையை ஊற்ற அச்சு வேண்டும். அச்சுக்கு பிளைவுட். பிளைவுட்டில் சிமெண்ட் ஒட்டாமல் இருக்க அதன்மேல் மைக்கா. மைக்காவை முழு ஷீட்டாகத்தான் விற்பார்கள். மைக்காவை ஒட்டப் பசை, பசையைத் தடவப் பிரஷ், மூலைகளில் கசியாமல் இருக்க சிலிக்கான், சிலிக்கானைப் பிதுக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அந்தக் கருவி இதற்குமுன் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. இதற்குப்பின் எந்த வீட்டிலும் தேடினால் கிடைத்ததில்லை. பலகை விரிசல் விடாமல் இருக்க உள்ளே கோழி வலை. வலையை வெட்டக் கட்டிங் பிளேயர். வீட்டில் இருந்த பிளேயரை எதிர்வீட்டுக்காரர் வாங்கிப் போயிருப்பார். கலக்க பாண்டு, அளக்க பக்கெட், அந்த பக்கெட்டைக் குளிக்க எடுத்துவிட்டதால் குளிக்க இன்னொரு பக்கெட். கலவை காயக் காயத் தண்ணீர் காட்டி நனைந்த கோணிப்பை போட்டு வைக்க வேண்டும். கோணிப்பைக்கு எங்கே போவது? எல்லா அரிசியும் பிளாஸ்டிக் பையில் வருகிறது.

அதன்பின் தேய்ப்பு. முதலில் 60 நம்பர் கல். தேய்த்ததும் பலகை முழுக்கக் குண்டூசி ஓட்டைகள் தெரியும். அவற்றை அதே கலர் சிமெண்ட் பால் விட்டு அடைத்து, மறுபடி நனைத்து வைத்து, 120. மறுபடி ஓட்டை, மறுபடி பால், கடைசியில் 320. கையால் தேய்ப்பது ஆகாத காரியம் என்பதால் ஆங்கிள் கிரைண்டர் வாடகை. வாடகைக்காரர் பிளேட் தர மாட்டார், அது தனி. வறட்டுத் தேய்ப்பில் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் மாஸ்க். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சேறு. அந்தச் சேற்றை வாஷ் ஏரியாக் குழாயில் விட்டால் அங்கேயே இறுகிக் கல்லாகிவிடும், அதனால் பிடித்து வைக்க ஒரு டிரம். டிரம்மில் இறுகியதை அப்புறப்படுத்த ஒரு ஆள். ஆளுக்கு டீ. டீ வாங்கப் போன பையனுக்கும் டீ.

அந்தக் காலத்தில் இத்தனையும் மேஸ்திரி கணக்கில் போய்விடும். முட்டி போட்டு, கார்பரண்டம் கல்லை வைத்துத் தேய்த்த ஆட்கள் எங்கள் பக்கம் இருந்தார்கள். கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்து, தரை வெடிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மேஸ்திரியின் பேரன் இன்று ஷூ போட்டுக்கொண்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். முட்டி தேயாத வேலை, போகட்டும். ஆனால் அந்தத் தாத்தா தேய்த்த தரையைச் சம்மட்டியால் உடைத்துவிட்டு, அதன் போட்டோவை ஒட்டிக்கொள்கிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சத்தியவேட்டுக்காரனுக்கு இன்னொரு இதரவும் உண்டு. எது எங்கே விலை கம்மி என்ற பாழாய்ப்போன ஆராய்ச்சி. சிமெண்ட் இங்கே ஆந்திராவிலா, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டையிலா? இரண்டு மாநிலத்துக்கும் நடுவராக வந்த பட்டாஸ்கர் கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்து எல்லை பிரித்துக் கொடுத்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். அவ்வளவு பெரிய கணக்கைத் தீர்த்தவர், கிலோவுக்கு ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு மாநிலத்துக்கும் ஆட்டோ பிடிக்கிறவனின் கணக்கைத் தீர்க்காமல் போய்விட்டார். ஆட்டோவும் இதரதான்.

பத்திரிகையின் பின்பக்கம் நிரம்பி, முன்பக்கம் 'தங்கள் நல்வரவை நாடும்' வரை வந்துவிட்டேன். மொத்தத்தைக் கூட்ட உட்கார்ந்தபோது வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல டேபிளுக்குக் கால் எங்க?"

வீடியோவில் கால் ஏற்கெனவே இருந்தது. வெல்டிங் கடைக்குப் போன் போட்டேன். 45 கிலோ என்றதும் ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "இரும்பு கிலோக் கணக்கு சார், கூலி தனி" என்றார். அதை எந்த வரியில் எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும்.