மாடு என்னையப் பார்த்துது

ஏங்கண்ணு, வண்டிச் சாவியையா தேடற? தேடு, தேடு. அதுக்கு முன்னால பொடக்காளிப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வா. மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னு வெடியால போனவன், தவுட்டைக் கொண்டுபோயி குளிக்கற அண்டாவுல கரைச்சு வெச்சிருக்கற. மாடு உன்னையப் பார்த்துது, அண்டாவைப் பார்த்துது, பொறவு என்னையப் பார்த்துது. நான் அதுக்கு என்னத்தைச் சொல்ல?

நேத்து ராத்திரி கோழி கூப்பிடற வரைக்கும் போர்வைக்குள்ள வெளிச்சம். மின்மினிப் பூச்சி வளத்தறயோன்னு நெனச்சேன். கேட்டா, "எனக்கு அஞ்சு மணி நேரம் தூங்கினாலே போதும் அப்பாரு, பழகிப்போச்சு"ங்கற. நேத்து அந்த அஞ்சும் இல்ல.

நர்சுக்குப் படிக்கற உன்ற தங்கச்சி ஒரு சங்கதி வாசிச்சுச் சொன்னா. 2003-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரங்க, சிலருக்கு 4 மணி, சிலருக்கு 6 மணி, சிலருக்கு 8 மணின்னு 14 நாளைக்குத் தூக்கத்தைப் படி போட்டு அளந்து குடுத்திருக்கறாங்க. ஆறும் அதுக்குக் கம்மியும் தூங்குனவங்க நாளுக்கு நாள் மந்தமாயி, கடைசியில ரெண்டு ராத்திரி வரைக்கும் கண்ணே மூடாதவங்க கணக்குக்கு வந்துட்டாங்களாம். ஆனா, தூக்கம் வருதான்னு கேட்டா, "அப்படியொண்ணும் பெருசா இல்லீங்க"ன்னாங்களாம். பழகிப்போச்சுல்ல! தராசே கோணிப்போன பொறவு, அந்தத் தராசையே சாட்சிக்குக் கூப்பிட்டா வேற என்ன சொல்லும்?

உன்னையச் சொல்றேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்! த்ரீ பேஸ் கரண்டு ராத்திரியிலதான் வருமுன்னு, மஞ்சக் காட்டுக்கு ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்புல தண்ணி கட்டினேன். மூணாம் ராத்திரியும் மம்முட்டியை ஊணிட்டு நின்னுட்டுத்தான் இருந்தேன். கண்ணு தொறந்துதான் இருந்துது, மாரியாத்தா சத்தியமா. வெடிஞ்சு பார்த்தா என்ற மஞ்சள் காஞ்சு கெடக்குது, பக்கத்துக்காட்டுப் பங்காளி கரும்பு குளுகுளுன்னு நிக்குது. "அண்ணன் மனசு ஆருக்கு வரும்"னு இன்னிக்கு வரைக்கும் ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறான். நானும் மறுக்கறதில்ல. கண்ணு தொறந்திருக்கறப்பவே மூளை சில நொடிக்குக் கடையைச் சாத்திருமாம். தங்கச்சி சொல்லித்தான் தெரியுது. அவன்கிட்டச் சொல்லிப்போடாதே.

காப்பி குடிச்சா சரியாயிரும்ங்கற. முழிச்சிருக்கற நேரம் பூரா மூளைக்குள்ள அடினோசின்னு ஒண்ணு சேருமாம், தொண்டுபட்டியில சாணி சேர்றாப்புல. தூங்கினாத்தான் அதை வாரிக் கொட்டும். காப்பி சாணி வாராது கண்ணு, உன்ற மூக்கைத்தான் பொத்தும்.

உன்னையாட்டவே ஒரு வீரன் இருந்திருக்கறான். அமெரிக்காவுல சான் டியாகோ ஊர்ல ராண்டி கார்ட்னர்னு 17 வயசுப் பையன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குன்னு 1963 கடைசியில முழிக்க ஆரம்பிச்சு, 264 மணி நேரம், பதினோரு நாள், தூங்கவே இல்ல. பார்க்கறதுக்கு ஜம்முன்னுதான் இருந்தானாம். கடைசி நாள்ல, நூத்துல இருந்து ஏழேழாக் கழிச்சுட்டே வான்னாங்க. 65 வந்ததும் கம்முன்னு நின்னுட்டான். ஏப்பா நிறுத்திட்டேன்னா, என்ன செஞ்சுட்டு இருந்தேன்னே மறந்துபோச்சுன்னானாம். நல்லவேளை, அவன் கையில தவுடு குடுக்கலை.

இந்த லட்சணத்துல நீ வண்டியெடுத்துட்டு ஈரோடு போறயாக்கும்? 17 மணி நேரம் முழிச்சிருந்தா, 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் சாராயம் ஏறினவனாட்ட நிதானம் தப்புதுன்னு 1997-லயே ஆஸ்திரேலியாக்காரங்க சொல்லிப்போட்டாங்க. 24 மணி ஆனா அது 100. நம்ம ஊர்ச் சட்டத்துல 30-ஐத் தாண்டினாலே கேசு. ஆனா நீ கொடுத்து வெச்சவன், போலீசு ஊதச் சொன்னா ஒண்ணும் வராது. வண்டி 60-ல போறப்ப நாலு நொடி கடை சாத்துனா 67 மீட்டரு. நம்ம களத்துல இருந்து கோயில் வரைக்கும் வண்டியை ஆரு ஓட்டுனதுன்னு உனக்கே தெரியாது.

சாவிதான? என்ற வெத்திலைப் பையில, சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில கெடக்குது. அந்தப் பையனாட்ட நூத்துல இருந்து ஏழேழாக் கழிச்சுட்டு வா, முடிச்சீன்னா எடுத்துக்க. ம்... 93... 86... 79... ஏஞ்சாமி நிறுத்திட்ட? கட்டிலு வேப்பமரத்தடியில போட்டிருக்குது, போ.