நோவாவின் பேழையும் பூக்காரம்மாவின் முழமும்: ஒரு குடும்பச் சுற்றுலா ஆய்வு

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பம், பைபிளோடு தொடர்புள்ள இடம் எதையாவது பார்க்க நேர்ந்தால் முதலில் கேட்பது இறையியல் கேள்வி அல்ல. ‘எவ்வளவு நீளம்?’ என்பதே முதல் கேள்வி. ‘சாப்பாடு எங்கே?’ என்பது இரண்டாவது. இரண்டாவதற்குத் தனி ஆய்வேடு தேவைப்படும் என்பதால் இக்கட்டுரை முதலாவதோடு நின்றுகொள்கிறது.

நீளமே ஈர்ப்பு என்பதற்கு முதல் சான்று மலைமேலேயே இருக்கிறது. வாழவந்தி நாட்டில் மிஷனரி ஜெசி பிராண்ட், அவர் மனைவி எவலின் ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. ஜெசி 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவலின் தொண்ணூறு வயதைத் தாண்டியும் மலைக்கிராமங்களில் அலைந்து 1974இல் காலமானார். இந்த மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். ஆனால் கல்லறைகள் சாதாரண அளவு. ஆகவே சுற்றுலா வேன்கள் ஆகாயகங்கைக்கும் அறப்பளீஸ்வரருக்கும் போகின்றன. வாழவந்தியில் நிற்பது அபூர்வம்.

ராமேஸ்வரத்தின் கதை வேறு. அங்கே ஆபில், காபில் தர்கா இருக்கிறது. ஆதாமின் பிள்ளைகளான ஆபேலும் காயீனும் இங்கே அடங்கியிருப்பதாக நம்பிக்கை. சமாதிகள் நம் காலத்து மனிதருக்குத் தேவையானதைவிட மிக நீளம். ‘அந்தக் காலத்து ஆளுங்க கண்ணு, அப்படித்தான் இருந்திருப்பாங்க’ என்று அம்மாயி ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிடுவார். கல்வியாளருக்கு அது போதாது. இருவரும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. தம்பியைக் கொன்ற காயீன் ஏதேனுக்குக் கிழக்கே நோத் தேசத்தில் குடியேறினான் என்று மட்டும் சொல்கிறது. ராமேஸ்வரம் ஏதேனுக்குக் கிழக்கே இருக்கிறது என்பதை எந்தப் புவியியலாளரும் மறுக்க முடியாது. சிரியாவில் டமாஸ்கஸ் அருகேயும் ஆபேலுக்கு ஒரு நீண்ட சமாதி உண்டு. அதற்கு வேன் போகாது என்பதால் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

பிள்ளைகளின் நீளம் தெரிந்த பிறகு பெற்றோரைப் பற்றி விசாரிப்பது முறை. இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியில் இருக்கும் தடம் சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருள் பலருக்கும் ஆதாமுடையது. 1344இல் ஏறிப் பார்த்த பயணி இப்னு பதூதா அதன் நீளம் பதினொரு சாண் என்று எழுதினார். சாண் ஒன்பது அங்குலம் என்றால் பாதம் எட்டே கால் அடி. பாதத்துக்கும் உயரத்துக்கும் உள்ள வழக்கமான விகிதப்படி ஆதாம் ஏறத்தாழ 54 அடி. ஏவாளின் சமாதி ஜித்தாவில் இருந்தது. 1853இல் அதை அளந்த ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன், தலையிலிருந்து இடுப்பு வரை 120 எட்டு, இடுப்பிலிருந்து குதிகால் வரை 80 எட்டு என்று குறித்துவிட்டு, அப்படியானால் அந்த அம்மாள் வாத்து மாதிரி இருந்திருப்பார் என்றும் எழுதினார். எட்டுக்கு இரண்டரை அடி வைத்தால் 500 அடி. ஆதாம் அண்ணாந்து பார்த்தாலும் ஏவாளின் முழங்காலை எட்டமாட்டார். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக் கொடுத்த ஜோசியர் யார் என்பது தனிக்கேள்வி.

கணக்கு எங்கே கோணியது? சிவனொளிபாதத் தடத்தின் நீளம் இன்று ஏறக்குறைய 1.8 மீட்டர், அதாவது ஆறடிக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். அப்படியானால் இப்னு பதூதாவின் சாண் ஆறரை அங்குலம்தான். பாறை சுருங்கவில்லை, அளந்த கை சிறியது, அல்லது மலையேறிய களைப்பில் விரல்கள் விரியவில்லை.

கையால் அளக்கும் எதையும் நம்பக்கூடாது என்பது முள்ளுக்குறிச்சியில் பூ வாங்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தை முகூர்த்தத்தில் மல்லிகை விலை ஏற ஏற முழம் சுருங்கும். ‘கொஞ்சம் கையை நீட்டி அளங்கம்மா’ என்பது அங்கே அன்றாட அறிவியல் விவாதம்.

பைபிளின் அளவுகோலும் இதே முழம்தான். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். ஹாங்காங்கின் மா வான் தீவில் 2009இல் திறந்த மாதிரிப் பேழை 450 அடி. முழம் 18 அங்குலம். அமெரிக்காவின் கென்டக்கியில் 2016இல் திறந்த மாதிரிப் பேழை 510 அடி. அங்கே முழம் 20.4 அங்குலம். குடும்பங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் கப்பல் ஆதலால் அமெரிக்கர்கள் தாராளமாக அளந்துவிட்டார்கள். (அதே பேழையின் நிர்வாகம், மழையால் சாலை சரிந்த செலவைத் தரவில்லை என்று 2019இல் காப்பீட்டு நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது தனிக்கதை.) முகூர்த்த நாள் பூக்காரம்மா பதினைந்து அங்குல முழத்தில் அளந்திருந்தால் பேழை 375 அடி. கென்டக்கியோடு ஒப்பிட்டால் 135 அடி குறைவு. யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் ஏறிய பிறகு நோவாவின் மருமகள்கள் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும்.

யார் கை முழம் என்ற சந்தேகம் பைபிளை எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது. உபாகமத்தில் ஓக் ராஜாவின் இரும்புக் கட்டில் ஒன்பது முழம் என்று சொன்ன கையோடு, அது மனிதக் கை முழம்தான் என்று தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். எசேக்கியேல் தரிசனத்தில் வரும் முழத்துக்கு நாலு விரற்கடை கொசுறு உண்டு. கோலியாத்தோ நம் பைபிளில் ஆறு முழம் ஒரு சாண், சுமார் ஒன்பதே முக்கால் அடி. சாக்கடல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழம் ஒரு சாண்தான். ஆறே முக்கால் அடி ஆளைக் கூடைப்பந்து மைதானத்தில் இன்றும் பார்க்கலாம். எந்த அளவு முந்தியது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ராமேஸ்வரத்துக்கு வேன் ஏறும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தர்காவில் டேப்பை எடுக்காதீர்கள்; அது வழிபடும் இடம். ஊர் திரும்பி அக்கம்பக்கத்தில் நீளத்தைச் சொல்லியே தீருவதென்றால், இத்தனை முழம் என்பதோடு அது யார் கை முழம் என்பதையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.