டயருக்குக் கெட்டிமேளம்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பக்கம் போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். கேட்கவில்லை. கடலூரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் முகூர்த்த நாளில் அந்தத் தூரத்தைக் கல்யாண வேன்களால்தான் அளக்க வேண்டும். மலைமேல் ஒரு தாலி, மலையடியில் ஒரு தாலி, மண்டபத்துக்கு மண்டபம் ஒரு தாலி. ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணத்தைத் தேடி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இந்த நெரிசலுக்குள் நானும் என் மச்சானும் பெண் பார்க்கப் போனோம். பெண் என்பது பழைய ஜீப்.

ஜீப் ஆசை எனக்கு 2015 நவம்பரில் பிடித்தது. கடலூர் மாவட்டமே மிதந்த அந்த மழையில் என் சின்னக் கார் தெருவில் கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. நான் திண்ணைமேல் நின்றேன். அப்போது ஒரு ஜீப் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. ஓட்டியவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் பீடியுமாக இருந்தார். பீடி அணையவில்லை. அன்று முடிவு செய்தேன், வாங்கினால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று. முடிவு செய்ததற்கும் பணம் சேர்ந்ததற்கும் நடுவில் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது.

கூடவே ஒரு மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தோம். திருப்பாதிரிப்புலியூர்க்காரர். அதிகம் பேசமாட்டார். வண்டியைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஸ்டெதஸ்கோப் இல்லாத டாக்டர்.

விற்பவர் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர். வெள்ளை வேட்டி, விபூதி, வாய் நிறைய "வாங்க தம்பி". தட்டில் வறுத்த முந்திரி வந்தது. ஜீப் பளபளவென்று நின்றது. டயர்களுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டிருந்தார்கள். நரைத்த மாப்பிள்ளைக்கு முகூர்த்தத்துக்கு முந்தின இரவு அவசரமாக டை அடித்தது மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. மச்சானுக்கும் பிடித்துவிட்டது. மெக்கானிக் மட்டும் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டே முந்திரி தின்றார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பெரியவர் முன்சீட்டில் ஏறியதும் முதல் வேலையாகப் பாட்டுப் பெட்டியைத் தட்டினார். நாதஸ்வரமும் தவிலும் காது கிழிய ஆரம்பித்தன. "மங்களகரமா இருக்கட்டும் தம்பி" என்றார். வண்டி வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் எனக்குப் பட்டது.

பாலூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். பின்சீட்டிலிருந்து மெக்கானிக்கின் கை நீண்டு பெட்டியை அணைத்தது.

தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் ஏன் கொட்டுகிறார்கள்? யாராவது தும்மினாலோ, அபசகுனமாக ஒரு வார்த்தை சொன்னாலோ மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான். பழைய வண்டி விற்கிற எல்லாரும் இந்தச் சாஸ்திரம் தெரிந்தவர்கள். மேளம் நின்ற பிறகு அபசகுனம் கேட்டது. ம்ம்ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரு முனகல். வேகம் நாற்பதைத் தாண்டியதும் சுருதி ஏறியது.

திருவந்திபுரத்தின் முழுப்பெயர் திருவஹீந்திரபுரம். அஹீந்திரன் என்றால் ஆதிசேஷன். அவன் வாலால் தரையைத் தட்டித்தான் இங்கே சேஷ தீர்த்தம் வந்தது என்கிறது தலபுராணம். தமிழில் அரவம் என்றால் பாம்பு, அரவம் என்றால் ஓசையும்கூட. பாம்பின் பெயர் கொண்ட ஊரில் எனக்கு இரண்டாவது அரவம் காதில் ஏறியது.

"கண்ணாடியை இறக்குங்க சார். பாலத்துச் சுவர் பக்கமா ஒட்டி ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். கெடிலத்துப் பாலத்தில் அப்படியே ஓட்டினேன். கைப்பிடிச் சுவரில் மோதித் திரும்பிய முனகல் இரண்டு மடங்காகக் கேட்டது. பாலம் தாண்டிப் புதிதாகத் தார் போட்ட இடம் வந்தபோது சத்தம் சட்டென்று தணிந்தது. பழைய தாரில் மறுபடி ஏறியது. "தார் மாறினா ராகம் மாறுது, பாத்தீங்களா? அப்ப டயர்தான். பேரிங்கா இருந்தா ரோடு எப்படி இருந்தாலும் ஒரே பாட்டுதான் பாடும்." காலி ரோட்டில் இடமும் வலமுமாக வளைத்து ஓட்டச் சொன்னார். பேரிங் போயிருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து முனகல் கூடுமாம். கூடவில்லை. கிளட்ச்சை மிதித்து உருள விடச் சொன்னார். எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. எஞ்சினும் நிரபராதி.

பெரியவர், "அது காத்து சத்தம் தம்பி" என்றார். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

அடுத்தது உதறல். அதைப் பார்க்க எண்பதில் போக வேண்டும். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் எட்டில் போனாலே சாதனை. ஆகவே கடலூருக்குத் திரும்பி, சிதம்பரம் போகும் நான்கு வழிச்சாலையைப் பிடித்தோம். எழுபத்தைந்தில் ஸ்டீயரிங் என் கையை உதற ஆரம்பித்தது. எண்பதில் என் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க முடியவில்லை. தொண்ணூறில் ஒன்றுமே நடக்காதது போல் நின்றுவிட்டது. இது நல்ல சேதியாம். அந்த வேகத்தில் மட்டும் வந்து போகிற உதறல் பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. சக்கரத்தில் நாலைந்து ஈயத்துண்டு ஒட்டினால் தீர்ந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் அது வேறு வியாதி. முன்சக்கரமா பின்சக்கரமா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். "கையில உதறினா முன்னாடி" என்பது முதல் பாதி. இரண்டாம் பாதி, நாம் உட்காருகிற உறுப்பைப் பற்றியது. குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஆலப்பாக்கம் தாண்டி ஓரங்கட்டினோம். மெக்கானிக் என் கையைப் பிடித்து டயரின் மேல் தடவ வைத்தார். ஒரு திசையில் தடவினால் பூனை முதுகு. எதிர்த் திசையில் தடவினால் பண்ருட்டிப் பலாப்பழம். ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் தேய்ந்து மறு பக்கம் ரம்பமாக நின்றது. "இதுதான் சார் பாடுறது."

பிறகு ஜாதகம் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். ஒன்றில் 2316. அதாவது 2016-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம். இன்னொன்றில் 0812. மூன்றாவதில் 4109. அந்த டயர் 2011-இல் தானே புயலையே பார்த்திருக்கிறது. நாலாவதில் எண்ணையே காணோம். மெக்கானிக் ரோட்டோரம் துண்டை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்தார். எண் பல டயர்களில் ஒரு பக்கம்தான் முழுதாக இருக்குமாம். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டிவிட்டால் வயசு வெளியே தெரியாது. உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "இது எல்லாத்துக்கும் மூத்தது சார். மொட்டை."

மொட்டை என்றால் முழு மொட்டை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்று என்று சொல்வதற்காகப் பள்ளங்களுக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்கள். இதில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் திருவந்திபுரத்திலேயே முடியிறக்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். டயரும் உள்ளூர் வழக்கத்தைக் கடைப்பிடித்திருக்கிறது.

நாலு டயர், நாலு கம்பெனி, நாலு வயசு, நாலு தேய்மானம். எனக்கு ஜீப்பை விட மனசில்லை. "வேதாந்த தேசிகர் இதே ஊர்ல கோணல் செங்கல்லை வச்சே வட்டக் கிணறு கட்டலையா?" என்று கேட்டேன். அவரைச் சோதிக்க நினைத்த கொத்தனார் ஒருவர் கோணல்மாணலான கற்களைக் கொடுத்ததாகவும், அவர் அதிலேயே கிணறு கட்டி முடித்ததாகவும் கதை உண்டு. கிணறு இன்றும் இருக்கிறது. மெக்கானிக் துண்டை உதறித் தோளில் போட்டார். "கிணறு ஓடாதே சார்."

அப்போதுதான் பெரியவர் பெருமையாக ஒரு வார்த்தை விட்டார். "நான் எப்பவும் ஃபோர் வீல்லயேதான் தம்பி ஓட்டுவேன். தோப்பிலயும் சரி, தார் ரோட்டிலயும் சரி. கியர் லீவரை இறக்கினதே இல்ல. நாலு சக்கரத்துக்குக் காசு குடுத்துட்டு ரெண்டுல ஓட்டினா நட்டமில்லையா?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் போகிற ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போக வேண்டும், பின்சக்கரம் சின்ன வட்டம். முடிச்சுப் போட்ட மணமக்கள் அக்னியை வலம் வருவதைப் பாருங்கள், வெளிப்பக்கம் நடப்பவர் நாலு அடி கூட வைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே அளவுதான் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்று ஒருவர் வழுக்க வேண்டும், இல்லை முடிச்சுக் கிழிய வேண்டும். தோப்பு மணலில் சக்கரம் சத்தமில்லாமல் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். தாரில் வழுக்க வழியில்லை. வளைவுக்கு வளைவு டயர்தான் தேயும், கிரவுனும் ஜாயிண்டும் முறுக்கேறி நிற்கும். அதிலும் நாலு டயரும் நாலு சுற்றளவு என்றால் நேர் ரோட்டில்கூட இந்தச் சண்டை ஓயாது. ஆக, பெரியவர் பத்து வருடமாகத் தினமும் அந்த முடிச்சை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டயர் மாற்றினால் சத்தம் போய்விடும், ஆனால் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறதென்று கியர் பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும் என்றார் மெக்கானிக். திருவந்திபுரம் திரும்பினோம். மறுபடி முந்திரி வந்தது. மச்சான் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னான். "ஊருக்குப் போய்க் கலந்துகிட்டுச் சொல்றோங்க ஐயா." பெரியவருக்கு அர்த்தம் புரிந்தது. முந்திரித் தட்டை உள்ளே எடுத்துப் போனார்.

என் சின்னக் காரில் கிளம்பினோம். மச்சான் ரேடியோவைப் போடப் போனான். வேண்டாமென்று தடுத்தேன். கண்ணாடியை இறக்கினேன். கெடிலத்துப் பாலத்தில் சுவரை ஒட்டி ஓட்டினேன்.

ம்ம்ம்ம்ம்.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரும்போதே கேட்டேன் சார்" என்றார். "நீங்க கேக்கல, நான் சொல்லல."

ஜீப் வாங்குகிற பணத்தில் பாதி இந்தக் காரை விற்றுத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். டயருக்குப் பாலிஷ் வாங்கியாகிவிட்டது. மச்சானிடம் பென் டிரைவ் கொடுத்திருக்கிறேன். தவில் சத்தம் தூக்கலாக இருக்கிற கச்சேரியாகப் பார்த்து ஏற்றி வரச் சொல்லியிருக்கிறேன்.